குட்டிக்கு ஒரு கேழ்வரகு பிஸ்கட்

நாய்க்குட்டிக்குப் பிஸ்கட் சுடும்போது எழும் வாசனையே வேறு. வெண்ணெயும் சர்க்கரையும் இல்லாமல், கேழ்வரகும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சேர்ந்து காயும் வாசனை. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

வேகவைத்து மசித்த கிழங்கு, கேழ்வரகு மாவு, ஒரு முட்டை, அவ்வளவுதான். உப்பு வேண்டாம். தண்ணீரும் தேவைப்படாது, கிழங்கின் ஈரத்திலேயே மாவு திரண்டுவிடும். சப்பாத்தியைவிடச் சற்றுத் தடிமனாகத் தேய்த்து, சுண்டுவிரல் நகமளவு வெட்டி, 160 டிகிரியில் ஓரம் கருகாமல் சுட வேண்டும். அந்தச் சின்ன அளவில்தான் சூட்சுமமே. தாயைப் பிரிந்து புது வீட்டுக்கு வந்த 2 மாதக் குட்டி, பெயர் சொன்னதும் திரும்பிப் பார்க்கிறதே, அந்த நொடியிலேயே வாயில் ஒரு துணுக்கு விழ வேண்டும். பெரிய துண்டென்றால் மென்று முடிப்பதற்குள் எதற்குக் கிடைத்தது என்பதே அதற்கு மறந்துவிடும். வயிறும் சின்னது, வழக்கமான சாப்பாட்டுக்கு இடம் மிச்சமிருக்க வேண்டும் பாருங்கள்.

வேர்க்கடலை வெண்ணெய் சேர்க்க ஆசைப்பட்டால் புட்டியின் பின்புறத்தைக் கட்டாயம் படியுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அதில் இருந்தால் தொடவே தொடாதீர்கள், நாய்க்கு அது நஞ்சு. உலர்திராட்சையும் சாக்லேட்டும் அப்படித்தான்.