குலமும் தேய்மானமும்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் உழவுமாடு பிடிக்கச் சந்தைக்குப் போகிற குடியானவர் சுழியும் பார்ப்பார், பல்லும் பார்ப்பார். சுழி மாட்டின் ஜாதகம் என்றால், பல் அது உழைத்த காலத்தின் கணக்கு. அதே ஊரில், பணி ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியரோ, பொன்மலை ரயில்வே பட்டறையில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவரோ, சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் வீட்டுக் கொல்லையிலே ஒரு சிறு பட்டறை அமைத்துக்கொள்ள ஆசைப்படும் இளைஞரோ, பழைய மில்லிங் மெஷின் ஒன்றை விலை பேசப் போகும்போது, அதன் நெற்றியில் பதித்திருக்கும் கம்பெனித் தகட்டைச் சுழியாகப் பாவித்துப் பரவசமடைந்து, பல்லைப் பிடித்துப் பார்க்கும் காரியத்தை மறந்து, அச்சாரம் கொடுத்துவிடுகிறார். பழைய யந்திரத்தை வீட்டுப் பட்டறைக்கு வாங்கும் வழக்கம் நல்ல வழக்கமே என்பது என் அபிப்பிராயம். தேர்வு நடக்கிற முறையில்தான் கோளாறு இருக்கிறது.

இந்த யந்திரங்கள் விலைக்கு வருவதற்குக் காரணம் எல்லோரும் அறிந்ததே. கம்ப்யூட்டர் கட்டளைப்படி தானே வெட்டும் ஸி.என்.ஸி. யந்திரங்கள் கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் பரவியபின், கைச்சக்கரத்தைச் சுற்றி ஓட்டவேண்டிய பழைய மில்லிங் மெஷின்கள் பல தொழிற்கூடங்களில் மூலைக்குத் தள்ளப்பட்டன. திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த சிறு கம்பெனிகள், ஆர்டர் குறைந்த வருஷங்களில் ஒன்றன்பின் ஒன்றாக மூடியபோது, அவற்றின் தளவாடங்களும் பழைய இரும்பு வியாபாரிகளின் கைக்கு வந்தன. காவிரிப் படுகைக்கு யந்திரத் தொழில் அந்நியமானதல்ல. 1928-ல் பொன்மலையில் புதிய பட்டறை எழும்வரை தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. அது போனபின் இங்கே மிஞ்சியவை பெரும்பாலும் லேத் பட்டறைகளே. பம்புசெட்டு ஷாஃப்டும், அரிசி ஆலை உருளையும், இப்போது அறுவடை யந்திரத்தின் உதிரிப் பாகங்களும் அவற்றுக்குச் சோறு போடுகின்றன. மில்லிங் மெஷின் வேண்டிய வேலை வந்தால் பொருளைப் பையில் போட்டுக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். வீட்டிலேயே ஒரு மில்லிங் மெஷின் இருந்தால் என்ன என்ற ஆசை இந்தச் சிரமத்தில்தான் பிறக்கிறது.

முதலில் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். வெட்டும் பல்லுள்ள கட்டர் சுழல, வேலைப்பொருள் மேஜையோடு நகர்ந்து அதன்மேல் மோதுகிற இந்த யந்திரத்தில், ஒவ்வொரு பல்லும் இரும்பைக் கடிக்கும்போது எழுகிற அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும் கனம் இருந்தாலன்றி, வெட்டிய பரப்பு வழுவழுப்பாக அமைவதில்லை. அந்தக் கனத்தைப் புதிதாக வாங்குவதற்கு நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்புப் போதாது. பழைய யந்திரத்திலோ அது கிட்டத்தட்ட எடைக்கு எடை இரும்பு விலைக்கே கிடைத்துவிடுகிறது. அந்தப் பணத்துக்குப் புதிதாகக் கிடைக்கும் சிறிய, மேஜைமேல் வைக்கும் யந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். அலுமினியத்தில் அவை காட்டும் சாமர்த்தியம் எஃகு ஷாஃப்டில் கீவே என்னும் சாவிப் பள்ளம் வெட்டும்போது நடுக்கமாக மாறிவிடுகிறது. பழைய வார்ப்பிரும்பு காலப்போக்கில் பதப்பட்டுக் கோணல் அற்றுவிடும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் வார்ப்பு பதப்பட்ட அதே வருஷங்களில் அதன் சறுக்குப் பரப்புகள் தேய்ந்தும் வந்திருக்கின்றன என்பதை அவர்கள் அதே மூச்சில் சொல்வதில்லை.

இனி, குலப் பெருமை. 1953-ல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனியின் துணையோடு பெங்களூரில் எழுந்த எச்.எம்.டி., லேத்தில் தொடங்கி, ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் வெர்னர் தொடர்பினால் மில்லிங் மெஷினும் செய்யலாயிற்று. 1961-ல் அதே ஊரில் பாரத் ஃப்ரிட்ஸ் வெர்னர் தோன்றியது. இவ்விரண்டின் தகடு இருந்தால் நமது ஊர்ச் சந்தையில் விலை ஒரு படி ஏறிவிடும். பஞ்சாபின் படாலாவில் செய்த, பெயரே தெரியாத யந்திரத்துக்கு அந்த யோக்யதை இல்லை. இந்த மதிப்பு ஆதாரமற்றதல்ல, புது யந்திரமாக இருந்த நாளில் வித்தியாசம் மெய்யானதே. ஆனால் நல்ல யந்திரம் என்பதனாலேயே அதன்மேல் கனத்த வேலை ஏற்றப்பட்டது. மூன்று ஷிப்டும் ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் வெட்டி, மேஜையின் நடுப்பகுதி மட்டும் முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து குழிந்துபோனது பெரிய கம்பெனியின் யந்திரந்தான். படாலா யந்திரமோ ஏதோ ஒரு பாலிடெக்னிக்கில், பரீட்சைக்கு முந்தின மாதம் மட்டும் ஓடி, மற்ற நாள் உறை போட்டுக் கிடந்திருக்கலாம். உயர்குலத்தின் தேய்ந்த பிள்ளையைவிடச் சாமான்ய குலத்தின் தேயாத பிள்ளை மேல் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்களே தவிர, ஒப்புக்கொள்வதில்லை.

குலத்துக்குப் பதிலாக எதைப் பார்ப்பது? பழைய யந்திரத்தில் குறையில்லாதது கிடையாது. ஆகையால், குறை எத்தனை என்று எண்ணுவதைவிட, அந்தக் குறை தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் இடையில் தீர்க்கக்கூடியதா என்று கேட்பதே உசிதம். மோட்டார் கருகியிருக்கிறதா? நீர்ப்பாசனப் பம்புகளின் புண்ணியத்தில் நம் பக்கத்துக் கடைத்தெருக்களில் வைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை. பேரிங் சத்தம் போடுகிறதா? எண் சொன்னால் திருச்சியில் கிடைக்கும். மேஜையை நகர்த்தும் திருகின் மரை தேய்ந்து, கைச்சக்கரம் கால் சுற்றுச் சுற்றியபின்தான் மேஜை அசைகிறதா? கன்மெட்டல் கட்டை வாங்கி நல்ல லேத்காரர் ஒருவரிடம் கொடுத்தால் புது மரை வந்துவிடும். அதுவரைக்கும்கூட, கட்டர் சுழலும் திசைக்கு எதிராக வேலைப்பொருளைச் செலுத்தி வெட்டுகிற பழைய சம்பிரதாயத்தை அனுசரித்தால் அந்தத் தொய்வு ஒன்றும் செய்துவிடாது.

இக்குறைகளைக் கண்டு பயந்து ஓடுகிறவர்கள், தீராத குறைகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பார்ப்பதில்லை. சறுக்குப் பரப்பின் தேய்மானம் அவற்றுள் தலையாயது. அதை மறுபடி சமமாக்க வேண்டுமானால், யந்திரத்தை அக்கக்காகக் கழற்றி, பெருந்தொழில் நகரங்களில் உள்ள பெரிய கிரைண்டிங் யந்திரத்துக்கு லாரியில் அனுப்பவேண்டும். அல்லது, நீலம் தடவி உரசிப் பார்த்து மேடு மேடாகக் கையால் சுரண்டி எடுக்கும் பழைய கைவினைஞர் ஒருவரைத் தேடிப் பிடிக்கவேண்டும். இரண்டில் எதுவானாலும் செலவு யந்திரத்தின் விலையை விழுங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. மேஜையை நடுவில் நிறுத்தி, ஆட்டமில்லாதபடி, ஜிப் என்னும் இடைச்சட்டத்தை இறுக்கிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றினால், நடுவில் சுலபமாக ஓடிய மேஜை ஓரங்களுக்குப் போகும்போது இறுகி நின்றுவிடுமானால், நடுப்பகுதி குழிந்திருக்கிறது என்று அர்த்தம். திருகின் தொய்வையும் இப்படியே மூன்று இடங்களில் அளந்து பார்க்கலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு தொய்வு இருந்தால் மரை மட்டும் தேய்ந்தது. நடுவில் அதிகமும் ஓரத்தில் குறைவுமாக இருந்தால் நீளத் திருகே தேய்ந்தது, அதை மாற்றுவது எளிதில் ஆகிற காரியமல்ல. டயல் கேஜ் ஒன்று கையோடு கொண்டுபோனால் இந்தத் தொய்வை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கான தௌக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். புது பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்வது நல்லது. மேஜையில் கட்டர் பட்ட வடுவும் தவறித் துளைத்த துளையும் பார்வைக்கு அசிங்கமே தவிர வேலைக்குக் குறைவில்லை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

தீராத குறையில் இரண்டாவது, கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் வாயில் உள்ள கூம்பு. அமெரிக்க யந்திரக் கருவி உற்பத்தியாளர்கள் 1927-ல் ஒரு பொது அளவை வகுத்தபின், 30, 40, 50 என்ற எண்களால் வழங்கும் கூம்புகள் உலகெங்கும் நிலைபெற்றன. பிரிட்ஜ்போர்ட் யந்திரத்தோடு வந்த ஆர்-8 என்பதும் இன்று எங்கும் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பொது அளவுக்கு முந்திய சம்பிரதாயத்தைப் பின்பற்றிய பிரிட்டிஷ் யந்திரம் ஒன்றைப் பழமையின் மோகத்தால் வாங்கிவிட்டால், கட்டரைப் பிடிக்க அதற்கேற்ற ஆர்பரும் காலெட்டும் தேடியே ஆயுள் போய்விடும். கருவிகள் சேர்ந்து வந்தால் வாங்கலாம். வெறும் உடம்பாக வந்தால் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

இனி வீட்டுக்கு வருவோம். எச்.எம்.டி.யின் எஃப்.என்.-2 போன்ற யந்திரம் இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும். திண்ணை வைத்த வீட்டின் நிலைவாசலுக்குள் அது நுழையாது. கொல்லைப்புறத்து மாட்டுக்கொட்டகையை ஒழித்து வைப்பதானாலும், டெல்டாவின் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து ஐப்பசி மழையில் உப்புகிற இயல்புடையதாகையால், ஆழமான கான்கிரீட் மேடை இல்லாமல் நிறுத்தினால் மட்டம் ஒரு வருஷம்கூட நிற்காது. 1938-ல் அமெரிக்காவில் தோன்றிய பிரிட்ஜ்போர்ட்டும், அதைப் பார்த்துச் செய்த தைவான், இந்திய யந்திரங்களும் ஏறக்குறைய ஒரு டன் எடையோடு முடிந்துவிடுகின்றன. தலை, மேல்கை, மேஜை என்று கழற்றித் தனித்தனியாக எடுத்துச் செல்லலாம் என்பது அவற்றின் பெரிய சௌகரியம். கனத்த வெட்டுக்கு அவை அஞ்சும். வீட்டு வேலைக்கு அந்த அச்சம் ஒரு குறையல்ல.

மேஜையைக் கோணமாகத் திருப்பக்கூடிய ‘யூனிவர்சல்’ வகைக்கு அதிக விலை கேட்பார்கள். அந்த ஏற்பாட்டை ஜோசப் பிரவுன் 1862-ல் செய்தது, துளைபோடும் டிரில்லின் முறுக்குப் பள்ளத்தை வெட்டுவதற்காக. இன்று கடையில் சில்லறைக் காசுக்கு விற்கும் டிரில்லை வீட்டில் யார் செய்யப்போகிறார்கள்? படுக்கை ஸ்பிண்டில் உள்ள சாதாரண யந்திரத்தை யாரும் விரும்பாததால் அது மலிவு. செங்குத்துத் தலை ஒன்று துணையாகக் கிடைத்தால் அதைப்போல லாபமான பேரம் வேறில்லை.

மின்சார விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். வயல் பம்புக்குக் கிடைக்கும் இலவச மும்முனை மின்சாரத்தில் பட்டறை ஓட்டுவது சட்டவிரோதம், அந்த யோசனையை விட்டுவிடுவதே நல்லது. ஒன்று, இரண்டு குதிரைசக்தி மோட்டாரானால், 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் கட்டியிருக்கும் அதன் ஆறு முனைகளையும் வைண்டிங்காரரிடம் சொல்லி வெளியே எடுத்து டெல்டாவாக மாற்றி, வி.எஃப்.டி. என்னும் கருவியின் மூலம் வீட்டு ஒருமுனை மின்சாரத்திலேயே ஓட்டலாம். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிவது உபரி லாபம். பெரிய மோட்டாருக்கு இந்த வழி அடைபட்டது, கனத்த யந்திரத்தை வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்தார் உப்புக்காற்றுக்கு எண்ணெய்ச் செலவைத் தனியாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 2018-ல் கஜா புயல் கூரையைப் பிரித்துப்போட்டபின் நனைந்து கிடந்த வார்ப்பிரும்பு என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக, மில்லிங் மெஷின் வேண்டுமென்றே பிடிவாதமாகக் கிளம்புகிறவரிடம் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: வெட்டவேண்டியது பல்சக்கரமா, வெறும் கீவேயும் தட்டைப் பரப்புமா? பல்சக்கரமென்றால் மேலே சொன்னபடி தேடட்டும். மற்றதென்றால், ஜேம்ஸ் நாஸ்மித் 1836-ல் வடித்த ஷேப்பிங் மெஷினின் சந்ததி ஒன்று, பன்னிரண்டு அங்குல ஓட்டமுள்ளது, பழைய இரும்புக் கடையில் யாரும் சீந்தாமல் நின்றுகொண்டிருக்கும். அதன் ஒற்றைப் பல் கருவியைச் சாணைக்கல்லில் தாமே தீட்டிக்கொள்ளலாம். விலையுயர்ந்த கட்டர் வாங்கும் செலவு இல்லை, உடைந்தால் வருத்தமும் இல்லை. அது மெதுவாகத்தான் வெட்டும், ஒவ்வொரு ஓட்டத்திலும் திரும்பி வரும் வழியை வீணாக்கும். கூலிக்கு வேலை செய்யும் பட்டறைக்கு அது நஷ்டம். ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு நேரம் நஷ்டமாவதில்லை. மில்லிங் மெஷினுக்கு வைத்திருந்த பணத்தில் ஷேப்பரும் ஒரு நல்ல வைஸும் வாங்கி, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, சறுக்குப் பரப்பு தேயாத யந்திரம் ஒன்று விலைக்கு வரும்வரை அவர் தாராளமாகக் காத்திருக்கலாம், அது எச்.எம்.டி.யா படாலாவா என்று அப்போதும் கேட்க வேண்டாம்.