காப்பி டம்ளரும் கழுவும் தொட்டியும்

தமிழ் நவீன உரைநடை வறுமையையும் சாவையும் எழுதியே காலத்தை ஓட்டிவிட்டது என்று ஒரு பேச்சு கொஞ்ச நாளாக அடிபடுகிறது. டிகாஷன் சொட்டும் சத்தம், மொட்டைமாடி வடாம், மத்தியான வானொலி என்று வீட்டுக்குள் கிடைக்கும் சின்னச் சின்ன சந்தோஷங்களை இலக்கியத்துக்குள் அழைத்துவந்ததே இன்றைய தலைமுறைதானாம். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் தவறான கூற்று இது. வீட்டின் சின்ன இன்பங்களும் தமிழ் உரைநடையும் சேர்ந்தே வளர்ந்தவை. இப்போது புதிதாக நடந்திருப்பது ஒன்றுதான்: இன்பம் பக்கத்தில் தங்கிவிட்டது, அதற்காக உழைத்தவள் பக்கத்தைவிட்டு வெளியேற்றப்பட்டுவிட்டாள்.

தொடக்க காலத்தை விரைந்து கடந்துவிடலாம். மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898இலேயே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் திருத்தும் அவசரத்தோடு நுழைந்தது. 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய வை.மு. கோதைநாயகிக்கும் வீடு ஒரு போதனைக் களம். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் வெளிவரத் தொடங்கியபோதுதான் சாப்பாடும் திண்ணையும் ஊர்ப்பயணமும் போதனைச் சுமை இல்லாமல் உரைநடையில் உட்கார்ந்தன.

இவர்களுக்கு நடுவில், 1930களில், எஸ்.வி.வி. இருக்கிறார். திருவண்ணாமலை வக்கீல், முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பேர் வாங்கி, பிறகு விகடன் வழியாகத் தமிழுக்கு வந்தவர். கணவன், மனைவி, விருந்தாளி, வீட்டுச் செலவு இவ்வளவுதான் அவருடைய உலகம். 'உல்லாஸ வேளை' படித்தவர்களுக்கு அந்த உரையாடலின் துல்லியம் தெரியும். 'மணிக்கொடி' இதழ் வழிவந்த விமர்சனம் அவரை ஹாஸ்யம் என்ற பரணில் ஏற்றிவைத்துவிட்டு மறந்தது. எஸ்.வி.வி.யிடம் ஒரு குறை உண்டு: கூடத்துச் சாய்வு நாற்காலியைவிட்டு அவர் எழுந்திருப்பதே இல்லை, சமையலறை அவருக்குச் சத்தமாக மட்டுமே வந்து சேர்கிறது. ஆனாலும் வீட்டு இன்பம் காசில்லாமல் வராது என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அவருக்குப் பின்வந்த பலரிடம் அந்த நேர்மைகூட இல்லை.

அதே காலத்தில் காப்பி தமிழ் வீட்டை ஆக்கிரமித்து முடித்திருந்தது. இன்று பரம்பரைச் சொத்துபோல் போற்றப்படும் அந்தப் பித்தளை டபரா-டம்ளர் சடங்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் கண்டனத்துக்குரிய புதுப் பழக்கம். பழைய சோற்றை அது ஒழித்துவிட்டது என்றும் உடம்பைக் கெடுக்கிறது என்றும் பத்திரிகைகள் புலம்பியதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். பாரம்பரியம் என்று நாம் உருகுகிற பலவும் நம் கொள்ளுத்தாத்தாக்களைத் திடுக்கிடவைத்த நவநாகரிகங்கள்.

மணிக்கொடிக்காரர்கள் வீட்டை இருட்டாகவே பார்த்தார்கள் என்பவர்கள் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை மறுபடி படிக்க வேண்டும். ஜவுளிக்கடைக் குமாஸ்தா பிரமநாயகம் பிள்ளை வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டி, நோயாளி மனைவிக்குப் பணிவிடை செய்கிறார். சாவு நெருங்கும் அந்த வீட்டுக்குள் புதுமைப்பித்தன் தாம்பத்தியத்தின் சின்னச் சின்ன சுகங்களையும் வைத்திருக்கிறார். அந்தச் சுகம் நம்பும்படி இருப்பதற்குக் காரணம், அடுப்பு யார் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருப்பதுதான்.

இலக்கிய வரலாறுகள் தாண்டிச் செல்லும் ஒரு நூலை இங்கே நான் சேர்க்க விரும்புகிறேன்: எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', 1951. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சமையல் பக்குவம் கேட்டு உறவினர் வீடுகளிலிருந்து ஓயாமல் கடிதம் வர, அத்தனைக்கும் பதில் எழுதுவதற்குப் பதிலாகப் புத்தகமாகவே போடச் சொல்லித் தூண்டியவர் அவருடைய உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். கல்யாணமாகி டெல்லிக்கும் பம்பாய்க்கும் குடிபோன பெண்களின் பெட்டியில் அந்தப் புத்தகமும் கூடவே போயிற்று. அதன் நடையைப் பாருங்கள்: ஆழாக்குக் கணக்கில் அளவு, எது முதலில், எது பிறகு, எந்தப் பதத்தில் இறக்குவது. உருக்கம் கிடையாது; அம்மாவின் கையைப் பற்றிய ஒரு பெருமூச்சு கிடையாது. பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளில்லாத பெண்ணை மனதில் வைத்து எழுதிய உரைநடை அது. அதனால்தான் ஒரு வினைச்சொல்லைக்கூட அதிலிருந்து எடுக்க முடியாது. வீட்டு வேலை என்பது கற்றுத் தேறும் ஓர் அறிவு என்று தமிழில் அடித்துச் சொன்ன புத்தகங்களில் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள்தான் வீட்டு உரைநடையின் செழிப்பான காலம். லா.ச.ரா. வீட்டைக் கோயிலாக்கினார், தலைதீபாவளிக்கு உடன் இல்லாத கணவனுக்குப் புதுமணப்பெண் எழுதும் கடிதமான 'பாற்கடல்' அதன் உச்சம். ஆனால் கோயிலில் பாத்திரம் தேய்க்கிறவர்களை அவ்வளவாகப் பார்க்க முடிவதில்லை. தி. ஜானகிராமனின் ரசனை அபாரம். அவர் பாத்திரங்கள் காப்பி குடித்தால் நமக்கு நாக்கு ஊறும். போட்டுக் கொடுத்தவளின் களைப்பு எப்போதாவதுதான் தெரியும்.

அசோகமித்திரனிடம் வரும்போது காற்று மாறுகிறது. 'தண்ணீர்' நாவலின் ஜமுனாவுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் கிடைப்பதே அன்றைய சந்தோஷம். சென்னைத் தெருவில் கைப்பம்பு, வரிசை, தோண்டிப்போட்ட பள்ளம், குடிநீரோடு கலந்துவிட்ட சாக்கடை என்று எல்லாவற்றையும் குரல் உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போகிறார். குளிப்பது, துவைப்பது, ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது என்று நாம் எண்ணிப் பார்க்காத சுகங்களுக்குப் பின்னால் எத்தனை நடை இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகத் தமிழில் யாரும் கணக்கிடவில்லை.

ஆர். சூடாமணிக்கு (1931–2010) இழைக்கப்பட்ட அநீதி பெரிது. 'குடும்பக் கதை' என்ற முத்திரையைக் குத்தி, பத்திரிகை எழுத்தாளர் என்று அவரை ஒதுக்கினார்கள். 'அந்நியர்கள்' கதையில் பல ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும் இரண்டு சகோதரிகள் கூடிப் பேசிச் சிரிக்கிறார்கள். ரத்த பாசத்தின் சுகத்தை அலுக்காமல் சொல்லிவிட்டு, அந்தச் சுகத்துக்கு நடுவிலேயே இருவருக்கும் ரசனையும் மதிப்பீடுகளும் ஒத்துப்போவதில்லை என்பதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைக்கிறார். சண்டை இல்லை, பாசமும் போய்விடவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்க முடியும் என்று காட்ட அவருக்கு ஒரு கூடம் போதுமாக இருந்தது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' (1988) இந்தப் பாதையின் திருப்புமுனை. ராஜஸ்தான் குடும்பம் ஒன்றில் மருமகளாக வந்தவள், சமையலறையை ஒட்டிய இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம், கழுவும் தொட்டியை மாற்றலாம், வெளியே மலை தெரிகிறதே என்று சொல்கிறாள். பதிலாக அங்கே நைலான் கயிறு கட்டப்படுகிறது. காயும் துணி மலையை மறைக்கிறது. விதவிதமாகச் சாப்பிட்டு ரசிக்கத் தெரிந்த வீடு அது. அந்த ரசனையைச் சமைத்துப் போடுகிறவளுக்கு ஒரு ஜன்னலை விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை. அம்பை இன்பத்தை வெறுக்கிறவர் என்பது மேம்போக்கான வாசிப்பு. ஜன்னலில் மலை பார்ப்பதும் வீட்டு இன்பம்தான். அது யாருக்குக் கிடைக்கவேண்டும் என்பதே அவர் கேட்பது.

அந்தக் கேள்வியைத் தெருவுக்கு எடுத்துச் சென்றது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). ஊர் உடுத்தும் வெள்ளைத் துணி வண்ணாத்தி ஆரோக்கியத்தின் உழைப்பு. அவள் வீட்டுச் சாப்பாடு வாசல் வாசலாக நின்று வாங்கிவரும் சோறு. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) இஸ்லாமியப் பெண்களின் உள்வீட்டுப் பேச்சையும் சிரிப்பையும் பூட்டிய கதவோடு சேர்த்தே எழுதியது.

இவ்வளவுக்கும் பிறகு வந்திருப்பது, கைமணப் பள்ளி என்று நான் அழைக்கும் இன்றைய எழுத்து. ஸ்ரீரங்கத்தை எழுதிய சுஜாதாவிடமிருந்து சுறுசுறுப்பை விட்டுவிட்டு ஏக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்ட பள்ளி. ஆட்டுக்கல் மாவின் ருசியை மூன்று பத்திக்கு எழுதுவார்கள். குழவியைச் சுற்றிய தோளைப் பற்றி ஒரு வரி இருக்காது. கோயம்புத்தூர் கிரைண்டர் வீட்டுக்கு வந்த நாளில் பாட்டி விட்ட நிம்மதிப் பெருமூச்சை ருசியின் மரணம் என்பார்கள். பாட்டிக்குப் பெயர்கூட இருப்பதில்லை. நாஞ்சில் நாடன் உணவைப் பற்றி எழுதும்போது விளைச்சலும் விலையும் பசியும் கூடவே வருவதைப் பார்த்தாவது இவர்கள் கற்றுக்கொண்டிருக்கலாம்.

யாராவது ஒரு பதிப்பாளர் தமிழ் வீட்டு உரைநடைக்கு ஒரு தொகை நூல் கொண்டுவர வேண்டும். எஸ்.வி.வி.யின் ஓர் உரையாடல், 'சமைத்துப் பார்' நூலிலிருந்து பத்துப் பக்கம், 'தண்ணீர்' நாவலில் ஓர் அத்தியாயம், 'அந்நியர்கள்', அம்பை, இமையம். சமையல் குறிப்பை இலக்கியத்தோடு சேர்ப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். தொகுப்பாளருக்கு ஒரே ஒரு விதி போதும்: இன்பத்தைச் சொல்லும் பக்கத்தில் அதைச் செய்து வைத்தவர் பெயரோடு இருக்கிறாரா? இல்லையென்றால், நடை எவ்வளவு மணத்தாலும் அந்தப் பக்கத்தைச் சேர்க்கக் கூடாது.