கொடுவா மீனும் கவிழ்த்த கிண்ணமும்

மீன்களையும் வெப்பத்தையும் பற்றி எந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாலும் ஒரு படம் கண்ணில் படும். கீழே தண்ணீரின் வெப்பநிலை, பக்கவாட்டில் மீனின் 'ஏரோபிக் ஸ்கோப்', நடுவில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு. கிண்ணத்தின் உச்சி எந்த வெப்பநிலையில் இருக்கிறதோ அதுதான் அந்த மீனுக்கு உகந்தது, அதைத் தாண்டினால் சரிவு. பார்த்ததும் புரிந்துவிடுகிற படம். நானும் ரொம்ப நாள் இதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏன்னு எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இந்த ஸ்கோப். மீன் சும்மா கிடக்கும்போதும் உயிரோடு இருக்க மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். அது வீட்டு வாடகை மாதிரி, கட்டாயச் செலவு. முழு வேகத்தில் நீந்தும்போது செவுளும் இதயமும் சேர்ந்து அதிகபட்சம் இவ்வளவுதான் உள்ளே கொண்டுவர முடியும் என்று ஓர் அளவு இருக்கிறது. அது வருமானத்தின் உச்சவரம்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்கோப். நீந்துவது, இரையைச் செரிப்பது, வளர்வது, சினை பிடிப்பது எல்லாம் இந்த மிச்சத்திலிருந்துதான். டொராண்டோவில் ஃப்ரெட் ஃப்ரை 1947-லேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார்.

தண்ணீர் சூடானால் மீனும் சூடாகும், வாடகை ஏறும். 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருமானமும் கொஞ்ச தூரம் கூடவே ஏறும். பிறகு இதயம் அதற்கு மேல் வேகமாக அடிக்க முடியாத இடத்தில் நின்றுவிடும். (மீனின் இதயம் பாவம். ரத்தம் இதயத்திலிருந்து செவுளுக்குப் போய், அங்கிருந்து உடம்பு முழுக்கச் சுற்றி, எல்லாத் தசையும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய ஆக்சிஜனோடுதான் இதயத்துக்குத் திரும்புகிறது. பல மீன்களில் இதயத் தசை பெரும்பாலும் அந்த மிச்சத்தை வைத்துத்தான் ஓடுகிறது.) போதாததற்கு, சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். நன்னீரில் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை.

இந்தக் கதை அச்சு அசலாகப் பொருந்துகிற மீன் ஒன்று இருக்கிறது. கனடாவின் ஃப்ரேசர் ஆற்றில் ஏறும் சாக்கை சால்மன். ஆற்றில் நுழைந்தபின் அது சாப்பிடுவதில்லை. உடம்பில் சேர்த்து வைத்ததை எரித்துக்கொண்டே எதிர்நீச்சல் போட்டு, பிறந்த இடத்துக்குப் போய் முட்டையிட்டுச் செத்துப்போகும். 2011-ல் எரிக்கா எலியாசன் குழு 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எனக்குப் பிடித்தவற்றில் ஒன்று. ஒரே ஆற்றின் வெவ்வேறு கிளைகளுக்குப் போகும் கூட்டங்களை ஒப்பிட்டார்கள். கடினமான பாதையில் போகும் கூட்டங்களுக்கு ஸ்கோப் அதிகம், இதயமும் பெரிது. ஒவ்வொரு கூட்டமும் காலங்காலமாகத் தன் பாதையில் சந்தித்துவந்த வெப்பத்துக்கே பழகியிருந்தது. இங்கே நீச்சல்தான் வாழ்வா சாவா. மிச்சம் தீர்ந்தால் ஊர் போய்ச் சேராது. கிண்ணத்தின் உச்சிக்கு இங்கே நேரடியான அர்த்தம் உண்டு.

அதையே எல்லா மீனுக்கும் விதியாக்கியபோதுதான் சிக்கல். 2007-ல் ஹான்ஸ்-ஓட்டோ போர்ட்னரும் ராய்னர் க்னுஸ்ட்டும், வட கடலோரத்து வாடன் கடலில் ஈல்பௌட் என்ற மீன் சூடான கோடைகளில் குறைவதற்கும் அதன் உடம்பில் ஆக்சிஜன் வரத்து திணறுவதற்கும் தொடர்பு காட்டினார்கள். நல்ல வேலை, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த கருதுகோள், நீர்வாழ் விலங்குகளின் வெப்ப எல்லையையே ஆக்சிஜன் வரத்துதான் தீர்மானிக்கிறது என்றது. எந்தக் கடலில் எந்த மீன் நாளைக்கு மிஞ்சும் என்கிற கணிப்புகள் வரை இந்தச் சிந்தனை போயிருக்கிறது.

இப்போது நம்ம ஊர் கொடுவாவுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்பார்கள். 2014-ல் டோம்மி நோரின், ஹான்ஸ் மால்டே, திமோதி கிளார்க் மூவரும் 29 டிகிரியில் பழகிய இளம் கொடுவாக்களை 23 முதல் 38 டிகிரி வரை அளந்தார்கள். கிண்ணம் கிடைக்கவில்லை. வளைவு ஏறிக்கொண்டே போய், 38 டிகிரியில்தான் ஸ்கோப் அதிகபட்சம். அந்த மீன் செத்துப்போகும் வெப்பமே 40, 41 டிகிரிதான்! படத்தை நம்பினால், சாவுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்னால்தான் கொடுவாவுக்கு உகந்த இடம் என்று சொல்ல வேண்டும்.

மீனையே கேட்டுப் பார்த்தார்கள். 29-க்கும் 38-க்கும் நடுவே விரும்பிய இடத்தில் இருந்துகொள் என்று விட்டால், அது தேர்ந்தெடுத்தது சராசரியாக 31.7 டிகிரி. 36-க்கு மேல் கழித்தது பத்தில் ஒரு பங்கு நேரம்தான். முடியும் என்பது வேறு, வேண்டும் என்பது வேறு என்று மீனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கட்டுரையில் என்னை உட்காரவைத்தது மூன்றாவது சோதனை. சில மீன்களை ஐந்து வாரம் 38 டிகிரியிலேயே வைத்துவிட்டு அளந்தார்கள். ஸ்கோப் இறங்கி, 29 டிகிரி மீனுக்கு 29-ல் இருந்த அதே அளவுக்கு வந்து நின்றது. அதாவது, திடீரென்று சூடாக்கியபோது கிடைத்த கூடுதல் மிச்சத்தை மீன் வைத்துக்கொள்ளவில்லை. தேவைக்கு எவ்வளவோ அவ்வளவு போதும் என்று உடம்பே சரிசெய்துகொண்டிருக்கலாம். அப்படியென்றால் ஸ்கோப் வாழ்க்கையைத் தீர்மானிக்கவில்லை, வாழ்க்கைதான் ஸ்கோப்பைத் தீர்மானிக்கிறது. அதே ஆண்டு அட்லாண்டிக் ஹாலிபட் பற்றி வந்த இன்னொரு கட்டுரையும், ஸ்கோப்பால் வளர்ச்சிக் குறைவை விளக்க முடியவில்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது.

ஒரு குறையும் சொல்லணும். தேர்வுச் சோதனையில் 29-க்குக் கீழே போக மீனுக்கு வழியே இல்லை. எல்லாம் ஆய்வகத் தொட்டியில் இருந்த இளம் மீன்கள். 31.7-ஐ எடுத்துக்கொண்டு போய்க் கொடுவாவின் 'உண்மையான' உகந்த வெப்பம் என்று எழுதினால், பழைய தப்பையே வேறு எண்ணில் செய்கிறோம்.

கருதுகோளின் தரப்பும் சும்மா இருக்கவில்லை. 2017-ல் போர்ட்னரும் உடன் எழுதியவர்களும் நீண்ட விளக்கம் கொடுத்தார்கள். தலைப்பில், சூழலியலையும் உடலியலையும் இணைக்கும் பாலம் என்ற பொருளில் ஒரு சொல். அடுத்த ஆண்டு ஃப்ரெட்ரிக் யூட்ஃபெல்ட் முதலானோர் எழுதிய பதிலின் தலைப்பில் அந்த ஒரு சொல் மட்டும் மாறி, இரண்டையும் மங்கலாக்குவது என்று ஆனது. ஆய்வாளர்களும் இப்படிச் சண்டை போடுவார்கள். என் பார்வையில் பதில் எழுதியவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதல். களைக்கும்வரை விரட்டி அளந்த ஸ்கோப் பொருந்தாதபோது, நாங்கள் சொன்ன ஸ்கோப் அது இல்லை, அன்றாட வேலைகளுக்கான ஸ்கோப் என்று விளக்கிக்கொண்டே போனால், எந்த அளவீடு வந்தால் கருதுகோள் தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள்?

அளக்கும் முறையிலேயே இன்னொரு இடறல். உச்ச அளவை எடுக்க மீனைத் தொட்டியில் துரத்துகிறோம், அல்லது நீச்சல் குழாயில் ஓடவிடுகிறோம். பிறகு மூடிய அறையில் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கிறோம். மீனின் வயிறு காலியாக இருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருக்கும். கொடுவா வளர்க்கும் உவர்நீர்க் குளத்தில் இரண்டுமே கிடையாது. மீன் தீனி தின்றிருக்கும், செரிமானமே மிச்சத்தில் ஒரு பெரும் பங்கைப் பல மணி நேரத்துக்கு எடுத்துக்கொள்ளும். குளத்துப் பாசி பகலில் ஆக்சிஜன் விட்டு இரவில் அதையே உறிஞ்சும், அதனால் விடிவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. 38 டிகிரியில் உச்ச ஸ்கோப் என்ற வரியை மட்டும் படித்துவிட்டு, வெயில் காலத்தில் கொடுவாவுக்குப் பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால், அவரை அதிகாலை 4 மணிக்கு ஆக்சிஜன் மீட்டரோடு குளத்தங்கரைக்கு வரச்சொல்லணும். வளைவை வரைய வேண்டியது அந்த நேரத்துத் தண்ணீரில், தீனி தின்ற மீனை வைத்து.