தி டூயலிஸ்ட்ஸ் திரைப்படம்: பார்வையாளர் கருத்துகளும் மதிப்பீடும்

தி டூயலிஸ்ட்ஸ் என்பது 1977ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில மொழி வரலாற்றுத் திரைப்படம் ஆகும். விளம்பரப் படங்கள் எடுத்துப் பெயர் பெற்றிருந்த ரிட்லி ஸ்காட் இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம் இதுவே. ஜோசப் கான்ராட் 1908இல் வெளியிட்ட குறுநாவலைத் தழுவியது. 10 இலட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்ட இப்படம், கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்திற்கான விருதைப் பெற்றது.

கதைச் சுருக்கம்

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் குதிரைப்படையின் அதிகாரிகளான ஃபெரோ (ஹார்வி கைட்டல்), டூபேர் (கீத் கேரடின்) ஆகிய இருவரைப் பற்றியது கதை. 1800இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஃபெரோ, நகரத் தலைவரின் உறவினரை வாட்சண்டையில் காயப்படுத்துகிறான். அவனை வீட்டுக் காவலில் வைக்கும் உத்தரவைத் தெரிவிக்க டூபேர் அனுப்பப்படுகிறான். சீமாட்டி ஒருத்தியின் வீட்டு விருந்தில் இருந்த தன்னை அங்கு வந்து அழைத்ததை ஃபெரோ அவமானமாகக் கொள்கிறான். அன்று தொடங்கும் இருவர் சண்டை (துவந்த யுத்தம்) ஆக்ஸ்பர்க், லூபெக் எனப் படை செல்லும் ஊரெல்லாம் தொடர்ந்து, நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1816இல்தான் முடிகிறது.

பார்வையாளர் கருத்துகள்

காட்சியழகைப் பாராட்டாத பார்வையாளர்கள் மிகக் குறைவு. ஃபிராங்க் டைடியின் ஒளிப்பதிவில் காலைப் பனியும், சாளர வெளிச்சமும், மேசைமேல் உள்ள பழங்களும் பழைய ஓவியங்களை நினைவூட்டுகின்றன. இதனால் ஸ்டான்லி கூப்ரிக்கின் பேரி லிண்டன் (1975) படத்தோடு இதனை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. வில்லியம் ஹாப்ஸ் அமைத்த வாட்சண்டைகளும் பெரிதும் போற்றப்படுகின்றன. நிலவறையில் நடக்கும் சண்டையில் வீரர்கள் துள்ளிப் பாய்வதில்லை. வளைவாளைத் தூக்கவும் வலுவின்றி மூச்சு வாங்குகிறார்கள்.

குறைகளாக மூன்று சொல்லப்படுகின்றன. முதலாவது, கதைமாந்தர் இருவரும் அமெரிக்க உச்சரிப்பில் பேசுவது. சுற்றியுள்ளோர் பெரும்பாலும் பிரித்தானிய நடிகர்களாக இருப்பதால் வேறுபாடு காதில் உறுத்துகிறது. இக்குறை நியாயமானதே. ஆயினும் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலம் பேசும் படத்தில் எந்த உச்சரிப்புமே இயல்பானதன்று.

இரண்டாவது, படம் ஆண்டு ஆண்டாகத் தாவிச் செல்வதால் மனத்தில் ஒட்டவில்லை என்பது. இதனை முழுவதும் ஏற்க இயலாது. ஆண்டுகள் ஓடுவதைப் படம் உருவத்தாலேயே காட்டுகிறது. தொடக்கத்தில் காதோரம் பின்னித் தொங்கும் கூந்தல் பின்னர் மறைகிறது; சீருடை மாறுகிறது; முகம் தளர்கிறது. மாறாமல் இருப்பது பகை மட்டுமே.

மூன்றாவது குறையே முதன்மையானது. இவ்வளவு அற்பமான காரணத்துக்காக இருவர் 16 ஆண்டுகள் சண்டையிடுவார்களா என்று பலர் கேட்கின்றனர்.

மதிப்பீடு

இக்கேள்வி படத்தின் ஓட்டை அன்று. அதுவே படத்தின் பொருள். படத்திற்குள்ளேயே உடன் உள்ள அதிகாரிகள் காரணம் தெரியாமல் திகைக்கிறார்கள். ஃபெரோவோ, டூபேர் பேரரசரை இழித்துப் பேசினான் என்று பிற்காலத்தில் புதுக்காரணம் கூறுகிறான். பகைக்குக் காரணம் தேவையில்லை, வளர்ந்தபின் அது தனக்கு வேண்டிய காரணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

ஃபெரோவை வெறியன் என்றும் டூபேரைக் குற்றமற்றவன் என்றும் பிரிப்பது பார்வையாளர் வழக்கம். இப்பிரிவும் முழுமையானதன்று. டூபேர் சண்டையை விரும்பாதவன். பதவி உயர்வு வந்தால் தப்பலாம் எனக் காத்திருப்பவன். ஏனெனில் வேறு வேறு நிலையில் உள்ள அதிகாரிகள் மோதக்கூடாது என்பது விதி. ஆனால் கோழை எனப் பிறர் சொல்வார்களோ என்ற அச்சத்தால் ஒவ்வொரு முறையும் களத்திற்குப் போகிறான். லூபெக் சண்டைக்கு முன் நடுங்கும் அவனே, குதிரை மேலிருந்து ஃபெரோவை வெட்டி வென்றதும் வண்டி ஒன்றைத் தாண்டிக் குதித்து மகிழ்கிறான். பகையின் சுவை அவனுக்கும் தெரியும் என்பதை அக்காட்சி சொல்லிவிடுகிறது.

1812ஆம் ஆண்டு ரஷ்யப் பனியில் நிகழும் காட்சியும் கவனிக்கத்தக்கது. கைத்துப்பாக்கியுடன் எதிரெதிரே நிற்கவிருந்த இருவரும் கொசாக் வீரர்களைக் கண்டதும் ஒரே பக்கம் நின்று போரிடுகிறார்கள். பிறகு டூபேர் நீட்டும் மதுவை ஃபெரோ ஏற்பதில்லை. பொது எதிரியால் கூட இப்பகையைத் தீர்க்க இயலவில்லை.

முடியாட்சி மீண்டபின், மரண தண்டனைப் பட்டியலில் இருந்த ஃபெரோவின் பெயரை அமைச்சர் ஃபூஷேயிடம் வேண்டி நீக்கச் செய்கிறான் டூபேர். அதை ஃபெரோவிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறான். இறுதிச் சண்டையில் ஃபெரோவின் குண்டுகள் தீர்ந்துவிடுகின்றன. டூபேரிடம் ஒரு குண்டு மிஞ்சுகிறது. அவன் சுடவில்லை. இனி உன் உயிர் என்னுடையது, என்னைப் பொறுத்தவரை நீ இறந்தவன் என்று கூறிச் செல்கிறான்.

இம்முடிவைச் சிலர் இரக்கம் என்கின்றனர். சிலர் கொலையினும் கொடிய தண்டனை என்கின்றனர். இரண்டுமே உண்மை. ஃபெரோ உயிர் பிழைக்கிறான். ஆனால் வாழ்வதற்கு அவனிடம் இருந்த ஒரே காரணம் போய்விடுகிறது. கடைசிக் காட்சியில் மலைமேல் தனியே நின்று ஆற்றைப் பார்க்கும் அவன், செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்ட நெப்போலியனைப் போலத் தோன்றுகிறான். தனிமனிதன் மானம் என்று பிடித்து நின்றதும் பேரரசு புகழ் என்று பிடித்து நின்றதும் ஒரே வெறுமையில் முடிந்தன என்பதே அக்காட்சியின் பொருள். அழகுக்காக மட்டும் இப்படத்தைப் பாராட்டுவோர் இதனைக் கவனித்தல் நலம்.