மங்களம் பாடாத நாடகம்

நாடகத்திற்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. இரவெல்லாம் ஆடிய கூத்தாயினும் விடியுங்கால் மங்களம் பாடித் திரை விடுவர். பார்த்தோர் எழுந்து வீடு செல்வர். தமிழகத்து நாடகக் கம்பெனிகள் மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நாள்களில் நம் முன்னோர் இம்முறையிலேயே நாடகம் கண்டு களித்தனர். இன்றோ, மங்களமே பாடாத ஒரு நாடகம் நம்மவர் உள்ளங்கையில் இரவு பகலாக நடைபெறுகின்றது. கைப்பேசிச் சூதாட்டம் என்பது அதன் பெயர். அதனைப் பழித்தோர் பலர். அதனை ஒரு படைப்பாகக் கொண்டு, படைத்தவன் யார், எவ்வாறு படைத்தான், எதற்காகப் படைத்தான் என ஆராய்ந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாரிட் புந்தாரில் ஒரு சம்பள நாள் மாலையை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். கிரியான் வட்டாரத்தின் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நால்வர் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பர். ஒருவரோடொருவர் பேசார். நான்கு தலைகளும் குனிந்திருக்கும். தோற்றவன் "நேரம் சரியில்லை" என்பான். வீட்டில் அவன் தாய் "எல்லாம் தலையெழுத்து" என்பாள். ஊரார் "புத்தி கெட்டவன்" என்பர். ஒருவன் நேரத்தைக் குறை கூறினான். ஒருத்தி விதியைக் குறை கூறினாள். ஊரோ ஆளைக் குறை கூறிற்று. ஆட்டத்தை எழுதியவனைப் பற்றி எவரும் வாய் திறந்தாரில்லை!

பணயம் வாங்கும் இணையக் கடை வேறு. ஆட்டத்தை ஆக்கித் தரும் கம்பெனி வேறு. படக்கொட்டகைக்காரன் படச்சுருளை வாடகைக்கு எடுப்பதுபோல, கடைக்காரன் ஆட்டத்தைக் கம்பெனியிடமிருந்து பெறுகிறான். வருவாயில் ஒரு பங்கு கம்பெனிக்குச் செல்வதே பெருவழக்கு. எனவே, ஆடுவோன் எத்துணை நேரம் அமர்ந்திருக்கிறான், எத்துணைப் பொருள் இழக்கிறான் என்பதில் ஆசிரியனுக்கே ஆதாயம் இருக்கின்றது. இதனை மனத்திற்கொண்டே அவன் எழுத்தை நாம் படித்தல் வேண்டும்.

இக்கலையின் வரலாறு சிறிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்பார் மூன்று சக்கரங்கள் கொண்ட 'லிபர்ட்டி பெல்' பொறியை அமைத்தார். அதில் சக்கரமே கணக்கு. படங்களை எண்ணத் தெரிந்தவன் தன் வாய்ப்பையும் எண்ணிவிடலாம். 1984-இல் இங்கே டெல்னஸ் என்பார் அந்நாட்டில் ஒரு காப்புரிமை பெற்றார். அம்முறையில், நிற்கும் இடத்தைக் கணிப்பொறி ஓர் எண்ணால் முதலிலேயே முடிவு செய்துவிடும். சக்கரம் அம்முடிவைக் காட்டும் வேடதாரி மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் இருபது இடமிருந்தால், மறைவிலுள்ள எண் பட்டியலில் அதனினும் பன்மடங்கு இடம் வைக்கலாம். பெரும்பரிசுப் படம் கோட்டிற்குச் சற்று மேலோ கீழோ வந்து நிற்க, "ஒரு நூலிழையில் தவறிற்றே!" என்று ஆடுவோனை ஏங்கச் செய்யலாம். கைப்பேசியிலோ சக்கரமும் இல்லை. சக்கரத்தின் ஓவியமே சுழல்கின்றது.

இனி ஒரு படைப்பை எடுத்துக்கொள்வோம். பிளேன் கோ என்னும் ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி 2016-இல் வெளியிட்ட 'புக் ஆஃப் டெட்' உலகெங்கும் பெயர் பெற்றது. எகிப்தியக் கல்லறைகளில் புதையல் தேடும் வீரன் அதன் நாயகன். ஐந்து வரிசைப் படங்கள், பத்துக் கோடுகள். மூன்று நூற்படங்கள் தோன்றினால் பத்து இலவசச் சுழற்சிகள். ஓவியம் அழகியது, இசை உள்ளத்தைப் பற்றுவது, இதனை மறுப்பதற்கில்லை. ஆயின், அந்நாயகன் ஓரடியும் முன்னேறுவதில்லை. நூல் திறக்கின்றது; நாம் வாசிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆயிரம் முறை ஆடியவனும் எகிப்தைப் பற்றி ஒரு செய்தி அறிந்தானில்லை. கதை, அவனை அமர்த்தி வைக்கும் பாய், அவ்வளவே.

அப்படைப்பின் உண்மையான பொருள் கணக்கில் இருக்கின்றது. இதே ஆட்டம் நூற்றுக்கு 96 திருப்பித் தருவதாகவும், ஏறத்தாழ 84 மட்டுமே தருவதாகவும், இடைப்பட்ட அளவுகளிலும் ஆக்கப்பட்டுள்ளது. எதனை வைப்பது என்பது கடைக்காரன் விருப்பம். படம் ஒன்று, பாட்டு ஒன்று, பெயரும் ஒன்று, பொருளோ வேறு! சுழற்சிக்கு ஒரு வெள்ளி வைத்து மூன்று நொடிக்கொரு முறை ஆடுவோன் ஒரு மணி நேரத்தில் 1,200 வெள்ளி பணயம் வைக்கிறான். நூற்றுக்கு 96 தரும் ஆட்டத்தில் அவன் சராசரி இழப்பு 48 வெள்ளி. 84 தருவதில் 192 வெள்ளி. ஒரு நாள் ஒருவன் வெல்லலாம். பல்லாயிரம் சுழற்சிகளின் முடிவு மட்டும் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

ஒலியின் சூழ்ச்சி இன்னும் நுட்பமானது. பத்துக் கோடுகளுக்கும் சேர்த்து ஒரு வெள்ளி வைத்தவனுக்கு ஒரு கோட்டில் ஐம்பது காசு திரும்புகின்றது என்க. அவன் இழந்தது ஐம்பது காசு. மணியோ ஒலிக்கின்றது, நாணயங்கள் பொழிவதுபோல் திரை மின்னுகின்றது. இழவு வீட்டில் மேளம் கொட்டும் இக்கொடுமையை என்னென்பது? பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021 அக்டோபர் 31 முதல், சுழல் ஆட்டங்களில் இவ்வகைப் பொய்க் கொண்டாட்டத்தைத் தடை செய்தது. ஆட்டம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் வசதியையும், இரண்டரை நொடிக்கும் விரைவான சுழற்சியையும் விலக்கிற்று. தீமை ஆடுவோன் மனத்தில் மட்டும் இல்லை, ஆட்டத்தின் ஆக்கத்திலும் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலோ பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் 1953-இல் எழுதப்பட்டது. கைப்பேசியைக் கனவிலும் காணாத காலம் அது. நம்மவர் கைப்பேசிக்குள் கள்ளத்தனமாக நுழையும் ஆட்டங்களை எந்த அதிகாரியும் சோதித்து முத்திரையிடுவதில்லை. அது கம்பெனியின் ஆட்டம்தானா, அதன் பெயரைத் திருடிய போலியா என்பதையும் ஆடுவோன் அறியான். பிரிட்டனில் ஆடுவோனுக்குள்ள அற்பக் காவலும் பாரிட் புந்தாரில் ஆடுவோனுக்கு இல்லை.

"கலை என்றாலே மயக்கந்தானே? உழைத்துக் களைத்தவன் சிறிது மகிழ்ந்தால் என்ன?" என்று கேட்பார் உளர். மகிழட்டும், அதனை நாம் வெறுத்தோமில்லை. நல்ல நாடகமும் நம்மை மயக்கும். ஆனால் அழவைத்தும் சிரிக்கவைத்தும், முடிவில் நம்மை நம்மிடமே ஒப்படைத்துவிடும். இவ்வாட்டமோ நேரத்தையும் கணக்கையும் மறக்கச் செய்து, பை வெறுமையான பிறகே நம்மை விடுகின்றது. மறைப்பதையே தொழிலாகக் கொண்ட கலையைக் கலையென்று போற்ற இயலுமோ?

தோட்டத்துக் கள்ளுக்கடையை நினைவுகூர்வோம். காலையில் பெற்ற கூலி மாலையில் அங்கே கரைந்தது. 1947-இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் அக்கடைக்கு எதிராகத் திரண்டனர். குடித்தவனைத் திட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை, "கடையை இங்கு வைத்தவன் யார்?" என்று கேட்டனர். அக்கேள்வியை இன்று நாம் கைப்பேசியை நோக்கிக் கேட்டல் வேண்டும். தலையெழுத்து என்று நாம் அஞ்சிய ஒன்றை, கடல் கடந்த ஓர் அலுவலகத்தில் மாதச் சம்பளம் பெறும் கணக்கர்கள் எழுதுகிறார்கள். மனிதர் எழுதிய கணக்கை மனிதர் படிக்கவும் முடியும், மறுக்கவும் முடியும்.

ஆகவே தோழர்களே, பிள்ளையை ஏசுமுன் அவனருகே அமர்ந்து ஒரு தாளில் அந்த மணி நேரக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். படிப்பகங்களிலும் மன்றங்களிலும் சினிமாவை விமர்சிப்பதுபோல் இவ்வாட்டங்களையும் விமர்சியுங்கள். இந்நாடகத்தை நடத்துவோர் ஒருநாளும் மங்களம் பாடார். அதனைப் பாடிவிட்டு எழுந்திருக்க வேண்டியவர் பார்வையாளராகிய நாமே.