சித்தப்ரசாத்: பசிக்குப் பெயருண்டு

சித்தப்ரசாத்தை (1915–1978) எக்ஸ்பிரஷனிஸ்ட் என்று வகைப்படுத்திவிட்டால் விமர்சகனுக்கு வேலை சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் 'போர்' வரிசை மரச்செதுக்குகளில் காட்டும் தாய்க்குப் பெயர் கிடையாது. துயரத்தின் பொது உருவம் அவள். 1943 வங்கப் பஞ்சத்தில் மிட்னாபூர்க் கிராமங்களில் அலைந்து சித்தப்ரசாத் மையில் வரைந்த எலும்பும் தோலுமான மனிதர்கள் அப்படியல்ல. இன்னார், இந்த ஊர், இன்ன கதி என்று குறித்துவைக்கிறார். 'ஹங்க்ரி பெங்கால்' நூலின் 5000 பிரதிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெள்ளை அரசு கைப்பற்றி எரித்தது. வெறும் பரிதாபப் படம் என்றால் எரிப்பானா? பட்டாச்சார்யா என்ற பிராமணப் பட்டத்தைத் தன் பெயரிலிருந்து வெட்டியெறிந்தவர், சாகிறவர்களின் பெயரை விடவில்லை.

பிறகு பம்பாயில் செதுக்கிய லினோகட்களில், குறிப்பாக உழைக்கும் குழந்தைகள் வரிசையில், பெயர்கள் உதிர்ந்துபோகின்றன. கறுப்பும் வெள்ளையும் கச்சிதமாகின்றன, கோடு அழகாகிறது. ஆனாலும் என்னவோ குறையுது. வாசுதேவநல்லூர்ப் பக்கம் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிய பிள்ளைகளோடு படித்தவன் நான். அந்த லினோ பையனைப் பார்த்தால், இவன் யாரு, எந்த ஊரு, எவன் பட்டறையில வேலை என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.