மாரிக் கதவுக்கு ஒரு மின் சீவுளி: மகிட்டா என்1900பி

மாரி பிடித்துவிட்டால் மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை ஓடாவிமாரின் தொலைபேசி ஓயாது. வாசல் கதவு இறுகிவிட்டது, யன்னல் சாத்துப்படவில்லை, குளியலறைக்குள் போனவர் கதவைத் திறக்க முடியாமல் தட்டிக்கொண்டிருக்கிறார். எல்லார் வீட்டுக்கும் ஒரே வாரத்தில் போக ஓடாவியால் முடியுமா? அதனால்தான் மரவேலைக்காரர் மட்டும் வாங்கிவந்த மின் சீவுளியை இப்போது வீட்டுக்காரர்களும் ஹாட்வெயார் கடையில் தூக்கிப் பார்க்கிறார்கள்.

கடைகளில் அடிக்கடி கண்ணில் படும் 82 மில்லிமீற்றர் ரகத்தில் மகிட்டா என்1900பி மாதிரியை எடுத்து, கல்முனையில் ஒரு தச்சுக் கொட்டிலிலும் வீட்டிலும் ஓட்டிப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நிலை, கதவு, யன்னல் என்று அடிக்கடி கைவைக்கிறவருக்கு இது நல்ல மெசின். ஆனால் அதன் திறமையில் பெரும்பங்கு மோட்டாரில் இல்லை, பிளக்கைக் குத்துவதற்கு முன் அலகைப் பூட்டும் வேலையில் இருக்கிறது. அந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவர் கைச் சீவுளியோடு நிற்பதே நல்லது.

கைக்கு எப்படி?

மகிட்டா 1915-இல் ஜப்பானில் மின் மோட்டார் திருத்தும் கடையாகத் தொடங்கிய நிறுவனம். அந்த நாட்டில் முதன்முதலாக மின் சீவுளியைச் செய்து விற்றதும் அதுதான், ஆண்டு 1958. என்1900பி அந்தப் பரம்பரையின் சின்ன உருப்படி. 580 வோட் மோட்டார், நிமிடத்துக்கு 16,000 சுற்று, எடை 2.5 கிலோகிராம். ஒரு ஓட்டத்தில் ஆகக்கூடியது 1 மில்லிமீற்றர் சீவும். பலகை ஓரத்தில் படி இறக்க வேண்டுமானால் 9 மில்லிமீற்றர் ஆழம் வரை போகலாம்.

இதே அகலத்தில் மகிட்டாவின் கேபி0800 ஒரே ஓட்டத்தில் 2.5 மில்லிமீற்றரும், பொஷ் ஜிஎச்ஓ 6500 2.6 மில்லிமீற்றரும் எடுக்கும். கடைக்காரர் இந்த எண்ணைக் காட்டித்தான் விலை கூடியதை விற்பார். அரிவு மில்லில் இருந்து வந்த முரட்டுப் பலகையைத் தினமும் இழைக்கிறவருக்கு அந்த ஆழம் உதவும். வீட்டுக் கதவுக்கு உதவாது. சீவிய மரத்தை யாரும் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு மில்லிமீற்றரோடு நிற்கும் மெசின் புதியவரின் கையைக் காப்பாற்றுகிறது. கதவின் அடியை 6 மில்லிமீற்றர் குறைக்க ஆறு ஓட்டம் போதும். தரைக்கு மாபிள் பதித்து மட்டம் ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டதென்றால் அது சீவுளி வேலையே அல்ல, வாளால் அரிந்துவிட்டு ஓரத்தை மட்டும் சீவ வேண்டும்.

அலகைப் பூட்டுவது

கைச் சீவுளியில் அலகு ஒன்றுதான். கண்ணை இடுக்கிப் பார்த்து, ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிடலாம். இதில் இரண்டு அலகுகள் ஓர் உருளையின் இரு பக்கமும் பூட்டப்பட்டிருக்கின்றன. முன்தட்டு குமிழைத் திருப்பினால் ஏறி இறங்கும். வெட்டின் ஆழம் அதுதான். பின்தட்டு அசையாது. அலகின் நுனி சுழன்று கீழே வரும்போது அந்தப் பின்தட்டோடு நூல் பிடித்தாற்போல் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நுனி வெளியே நீட்டினால் பலகையின் முடிவில் பள்ளம் விழும். உள்ளே தங்கினால் பின்தட்டு மரத்தில் ஏறிக்கொள்ளும், போகப்போக வெட்டு மெலிந்துவிடும்.

இதற்காகவே பெட்டிக்குள் ஒரு சின்ன அளவுத்தகடு வைத்திருக்கிறார்கள். பலர் அதைப் பெட்டியோடு மூலையில் போட்டுவிடுவார்கள். தீட்டிப் பாவிக்கும் வழமையான அலகென்றால், அதன் நுனி அளவுத்தகட்டின் உள்விளிம்பில் ஒட்டும்படி வைத்து, மேலே சரிசெய்யும் தகட்டை வைத்து, அதன் குதியை அளவுத்தகட்டின் பின்பக்கத்தோடு மட்டமாக்கி, இரண்டு திருகாணிகளை இறுக்க வேண்டும். பிறகு அந்தக் குதியை உருளையின் காடிக்குள் இறக்கி, மூடியை வைத்து, போல்டுகளை மாறி மாறிச் சம அளவில் இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அலகு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இவை எல்லாம் பிளக் சுவரில் இல்லாதபோது செய்கிற வேலை. சுவிட்ச் மட்டும் அணைந்திருந்தால் போதாது.

சரிபார்க்க ஓர் இரும்பு அடிமட்டம் போதும். சீவுளியைக் கவிழ்த்து வைத்து, அடிமட்டத்தைப் பின்தட்டில் நீளவாக்காகப் படுக்கவைத்து, உருளையை ஒரு மரக்குச்சியால் மெல்லத் திருப்புங்கள். அலகு அடிமட்டத்தை உரசியும் உரசாமலும் போக வேண்டும், அதை இழுத்துக்கொண்டு போகக்கூடாது. இரண்டு அலகிலும் இடம், வலம் என்று இரு முனைகளையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? நிமிடத்துக்கு 16,000 சுற்று, இரண்டு அலகு. ஆக 32,000 வெட்டு. நிமிடத்துக்கு 4 மீற்றர் வேகத்தில் தள்ளினால் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் எட்டு வெட்டு விழும். கையால் தடவினால் வழவழப்பு. ஓர் அலகு மயிரிழை உள்ளே தங்கினாலும் மற்றது மட்டும்தான் வெட்டும், எட்டு நாலாகிவிடும், பலகையில் சிற்றலை ஓடும். அதை மோட்டார்க் கோளாறு என்று நினைத்து மெசினைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டி முடித்ததும் உடனே மரத்தில் வைக்க வேண்டாம். ஆளில்லாத பக்கம் பார்த்துப் பிடித்து சற்று நேரம் வெறுமனே ஓட விடுங்கள். அதிர்வோ புதிய சத்தமோ இருந்தால் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

மரத்தில் வைத்தபோது

தேக்கில் இது சுகமாக ஓடுகிறது. இழை பெரும்பாலும் நேர், சீவல் சுருளாக வெளியே பாய்கிறது. ஆனால் தேக்குக்குள் சிலிக்கா உண்டு, அலகின் கூரை அது கெதியாகத் தின்றுவிடும். முதிரையில்தான் மெசினின் சோதனை. மரம் இரும்பு போலக் கடினம், இழையும் பின்னிப் பிணைந்தது. மினுமினுக்கும் அந்த அழகுக்குக் காரணமான பின்னல்தான் சீவுகிறவருக்கு எதிரி. எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் ஒரு கீற்று எதிர் ஓட்டமாக வந்து பிய்ந்து எழும். குமிழைக் கால் மில்லிமீற்றருக்கும் கீழே இறக்கி, மெதுவாகத் தள்ளினால் பிய்வது பெருமளவு அடங்குகிறது. அப்படியும் மிஞ்சுகிற இடத்துக்குக் கைச் சீவுளியும் மண் கடதாசியும்தான். வேம்பும் இதே பிடிவாதம்.

தள்ளுகிற முறை எளிது, ஆனால் பழக்கம் வேண்டும். முன்தட்டை மட்டும் மரத்தில் வைத்து, அலகு தொடாத நிலையில் மெசினை ஓட விட்டு, முழு வேகம் வந்தபின் தள்ள வேண்டும். தொடக்கத்தில் பாரம் முன்கையில், நடுவில் இரு கையிலும், முடிவில் பின்கையில். இதை மாற்றிச் செய்தால் பலகையின் இரு தலையும் தேய்ந்துபோகும். கதவின் அடியைச் சீவும்போது இன்னொரு கவனம் தேவை. அங்கே இரு பக்கச் சட்டத்தின் வெட்டுமுகம் இருக்கிறது. ஒரே ஓட்டமாக வெளியே தள்ளினால் கடைசி ஓரம் சிதறிவிடும். இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கிச் சீவுங்கள், அல்லது ஓரத்தில் ஒரு கழிவுக் கட்டையை இறுக்கிப் பிடிக்கவையுங்கள்.

கதவு எப்போது சீவத் தக்கது?

கொட்டிலில் இருந்த மூத்த ஓடாவியிடம் மெசினைக் கொடுத்ததும் அவர் கேட்டது அலகைப் பற்றியல்ல, மாதத்தைப் பற்றி. "மனே, மாரியில சீவின கதவு கச்சானுக்கு வாயத் திறந்துரும்" என்றார்.

அவர் சொன்னதில் மரத்தின் இயல்பு முழுவதும் இருக்கிறது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலத்தில்தான் பருக்கும், நீளத்தில் கூடுவது மிகச் சொற்பம். இந்தக் கரையில் மழை கொட்டுவது பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. அப்போது இறுகும் கதவு மேலே கீழே இடிக்காது, பூட்டுப் பக்கம்தான் இடிக்கும். அந்த நேரத்தில் தாராளமாகச் சீவிவிட்டால், ஆண்டின் நடுவில் கச்சான் காற்று மரத்தை உலர்த்தும்போது இடைவெளியில் விரல் நுழையும். மாரியில் இடிக்கிற இடத்தைப் பென்சிலால் குறித்து, சாத்துப்படும் அளவுக்கு மட்டும் எடுங்கள்.

சீவுவதற்கும் முன்னால் பிணைச்சலைப் பாருங்கள். மேல் பிணைச்சலின் திருகாணி தளர்ந்து கதவு தொங்கியிருந்தால், பூட்டுப் பக்கத்து மேல்மூலை இடிக்கும். திருகாணியை இறுக்கினாலே போதும், மெசின் தேவைப்படாது. கதவின் தலையையும் அடியையும் தடவிப் பாருங்கள். பெயின்ட் பூசுகிறவர் கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு ஓரத்தையும் விட்டிருப்பார், ஈரம் நுழையும் வழி அதுதான். சீவிய ஓரத்தையும் அப்படியே விடாமல் வார்னிஷோ பெயின்டோ பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாரிக்கும் அதே வேலை.

விரல் தப்ப

மின் சீவுளியில் கை போவது வெட்டும்போது மட்டுமல்ல, வெட்டு முடிந்த பிறகும்தான். சுவிட்சை விட்டாலும் உருளை சில நொடி சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் அடங்குமுன் மெசினைப் பலகையில் வைத்தால் அது தானாக ஓடும். மடியில் வைத்தால் சொல்லத் தேவையில்லை. பின்புறம் கால் உள்ள மாதிரியென்றால் வைக்கும்போது அந்தக் கால் விரிகிறதா என்று பாருங்கள். கால் இல்லையென்றால் முன்தட்டின் கீழ் ஒரு கட்டையை வைத்து அலகைத் தரைக்கு மேலே நிறுத்துங்கள்.

இரண்டாவது ஆபத்து சீவல் வெளியேறும் வாய். ஈர மரத்தில் அது அடைத்துக்கொள்ளும். உடனே விரலை விட்டுத் தோண்டத்தான் கை போகும். பிளக்கைக் கழற்றி, உருளை நின்றதைப் பார்த்து, குச்சியால் தோண்டுங்கள்.

பழைய மரத்தில் ஆணி இருக்கும். கதவை ஒருமுறை காந்தத்தால் தடவிவிட்டுத் தொடங்குங்கள். பலகை இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு கையும் மெசினில் இருக்க வேண்டும். ஒரு கையால் பலகையைப் பிடித்து மறுகையால் சீவுவது பழகிய ஓடாவிக்கும் ஆகாது. சாரனின் தொங்கலை மடித்துக் கட்டுங்கள், அல்லது காற்சட்டைக்கு மாறுங்கள். வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் அலகின் வழியில் வராது. தொடர்ந்து ஓட விடும் பூட்டுப் பொத்தான் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கை நழுவினால் மெசின் நிற்க வேண்டும்.

மின்சாரப் பக்கம் பயமில்லை. 230 வோல்டில் 580 வோட் என்றால் ஏறத்தாழ இரண்டரை அம்பியர்தான், சாதாரண பிளக் தாங்கும். இரட்டைக் காப்பு உள்ள மெசின் என்பதால் வயரில் ஏர்த் கம்பி இருக்காது, அது குறையல்ல. ஆனால் முற்றத்து ஈரத்தில் நின்று ஓட்டுவதாக இருந்தால் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

தூசிக்கு முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. மரத்தூசியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் சேர்த்து 1995-இலேயே வெளியிட்டது. முதிரைத் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பையும் கிளப்பும். பழைய பெயின்ட் கதவென்றால் இன்னும் கவனம். இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013-இல்தான். அதற்கு முன் பூசியதைச் சீவும்போது கீழே ஒரு பொலித்தீனை விரியுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள், அந்தச் சீவலை அடுப்பில் போடாதீர்கள்.

வாங்குகிறவருக்கு

கடற்காற்று இந்த மெசினைச் சும்மா விடாது. வேலை முடிந்ததும் இரு தட்டையும் அலகையும் எண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைக்காவிட்டால் தட்டில் துரு புள்ளி வைக்கும், துருப்பிடித்த தட்டு மரத்தில் கோடு போடும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். அலகும் அப்படித்தான், ஒன்றை மட்டும் தீட்டினால் எடை மாறி உருளை அதிரும்.

வாழ்நாளில் ஒரு கதவு சீவப் போகிறவர் இதை வாங்க வேண்டாம், ஓடாவிக்குக் கொடுக்கும் கூலி மலிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர், வாடகை வீடுகளைப் பராமரிப்பவர், தளபாடம் செய்யப் பழகும் இளைஞர் ஆகியோருக்கு என்1900பி தாராளமாகப் போதும். முதிரையே கதியென்று இருப்பவர் நல்லதொரு கைச் சீவுளியையும் சேர்த்து வாங்கட்டும். கடையில் பணத்தை எண்ணுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இதற்கு மாற்று அலகு இருக்கிறதா, உருளையைச் சுழற்றும் பெல்ட் இருக்கிறதா, அளவுத்தகடு பெட்டிக்குள் இருக்கிறதா? மூன்றுக்கும் கடைக்காரர் பொருளை எடுத்து மேசையில் வைத்தால் வாங்குங்கள். "பிறகு எடுத்துத் தரலாம்" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.